வராமல் போன புத்தகங்களை எப்படி எண்ணுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். கல்லூரி நூலகத்தில் புதிய தேடல் வசதி போட்டு ஆறு மாதம் ஆகிறது. கருத்துப் படிவம் கொடுத்ததில் பத்துக்கு எட்டுப் பேர் 'திருப்தி' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ஆனால் கவுன்டருக்கு வந்து "சார், அந்த புக் நம்மகிட்ட இல்லையாமே" என்று கேட்பவர்கள் குறையவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் பாதி நேரம் புத்தகம் ரேக்கிலேயே இருக்கிறது. இப்போது நிர்வாகம் அறிக்கை கேட்கிறது. எதை அளப்பது, எப்படி அளப்பது?

அந்தப் படிவங்களை ஓரமாக எடுத்து வையுங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. திரையில் வந்ததைப் பார்த்து மார்க் போட்டார்கள். வராததற்கு அவர்கள் எப்படி மார்க் போட முடியும்? நூலகத் தேடல்களைச் சோதித்துப் பார்ப்பதையே பல வருடமாகத் தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஓட்டையை ஆரம்பத்திலேயே கவனித்த இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதற்கு நான் எங்கே போனாலும் சொல்லும் ஒரு சோதனை உண்டு. 1985-ல் டேவிட் பிளேர், எம். இ. மாரன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் வழக்கு. அதன் தரப்பு வக்கீல்களுக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள், கம்ப்யூட்டரில் முழு உரையாக ஏற்றப்பட்டிருந்தன. தேடுவதற்கு ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் என்ற மென்பொருள். வக்கீல்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: வழக்குக்கு வேண்டிய ஆவணங்களில் முக்கால்வாசியாவது கைக்கு வர வேண்டும். வழக்கை நன்றாகத் தெரிந்த உதவியாளர்கள் தேடிக் கொடுப்பார்கள். வக்கீல் படித்துப் பார்த்து, போதாது என்றால் திருப்பி அனுப்புவார். மறுபடி தேடுவார்கள். "சரி, வேண்டியது வந்துவிட்டது" என்று வக்கீலே வாயால் சொல்லும்வரை இது நடக்கும்.

அதற்கு அப்புறம்தான் ஆய்வாளர்கள் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். தேடலில் வராமல் போன ஆவணங்களிலிருந்து, விஷயம் இருக்க வாய்ப்புள்ள பகுதிகளாகப் பார்த்து மாதிரி எடுத்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அதே வக்கீல்களிடம் கொடுத்து, 'இது வழக்குக்கு வேண்டியதா?' என்று கேட்டார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், வேண்டிய ஆவணங்களில் சராசரியாக 20 சதவீதம்தான் கைக்கு வந்திருந்தது. முக்கால்வாசி வந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு!

வந்தவற்றின் தரம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அவற்றில் 79 சதவீதம் உருப்படியானவை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தத் துறையில் இரண்டு சொற்களை ஓயாமல் கேட்பீர்கள். வந்ததில் எவ்வளவு தேறும் என்பது பிரிசிஷன். தேற வேண்டியதில் எவ்வளவு வந்தது என்பது ரீகால். பிரிசிஷன் கண்ணுக்குத் தெரியும். ரீகாலைத் தெரிந்துகொள்ள ஒருவர் மெனக்கெட வேண்டும். உங்கள் படிவத்தில் 'திருப்தி' என்று வந்திருப்பது, மாணவர்களின் தோராயமான பிரிசிஷன் கணக்கு, அவ்வளவுதான்.

ஏன் தவறின என்பது எனக்கு இன்னும் சுவாரசியமானது. வழக்கே ஒரு விபத்தைப் பற்றியது. தேடியவர்கள் இயல்பாக 'விபத்து' என்ற சொல்லைப் போட்டார்கள். குற்றம் சாட்டும் தொனியில் எழுதியவர்களின் கடிதங்களில்தான் அந்தச் சொல் இருந்தது. தன் மேல் பழி வந்துவிடுமோ என்று இருந்தவர்கள் 'சம்பவம்', 'நிலைமை', 'சிக்கல்' என்று எழுதியிருந்தார்கள். சிலர் அதையும் எழுதவில்லை. 'உங்கள் சென்ற கடிதத்தில் குறிப்பிட்ட விஷயம்' என்று போட்டிருந்தார்கள். இதை எந்த இயந்திரம் 'விபத்து' என்று கண்டுபிடிக்கும்? வழக்குக்கு மிக முக்கியமான கடிதம் அதுவாகவே இருக்கலாம்.

இது வெளிநாட்டு வழக்கு விவகாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் எம்.ஏ. தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி 'நாட்டுப்புறப் பாடல்' என்று தட்டினாள். மூன்று புத்தகம் வந்தது. மூன்றும் சரியான புத்தகங்கள். குறித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். படிவம் நீட்டியிருந்தால் 'திருப்தி' என்றுதான் போட்டிருப்பாள். நான் ரேக் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன். ஒரு தட்டு முழுக்க நின்றன: நாட்டார் வழக்காற்றியல், வாய்மொழி இலக்கியம், தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கதைப்பாடல். 'நாட்டுப்புறம்' என்று எழுதுபவரும் 'நாட்டார்' என்று எழுதுபவரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறார்கள், ஆனால் எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் அவரவருக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். விபத்தும் சம்பவமும் மாதிரியேதான்.

சரி, உங்கள் நூலகத்தில் ரீகாலை அளப்பது எப்படி? இதற்கு வழி போட்டுக் கொடுத்தவரும் ஒரு நூலகர்தான். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற இடத்தில் விமானவியல் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் நூலகர் சிரில் கிளெவர்டன். 1950-களின் கடைசியில் அவர் 18,000 விமானவியல் ஆவணங்களை நான்கு விதமாக வகைப்படுத்தி, 1,200 கேள்விகளை வைத்து நான்கையும் மோதவிட்டார். அந்த நான்கில் ஒன்று, விஷயத்தைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை. அந்த முறைக்கு மூலவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன்; கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நமக்குப் பெருமையாக முடியவில்லை, அந்த முறை நான்காவதாக வந்தது. ஆனால் நான்குக்கும் வித்தியாசம் அதிகமில்லை. வர வேண்டிய ஆவணத்தைக் கொண்டுவந்த அளவில் எல்லாமே 74-லிருந்து 82 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. எது உசத்தி என்று வருடக்கணக்கில் சண்டை போட்டவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அவர் கேள்விகளைத் தயாரித்த விதத்தைக் கவனியுங்கள், உங்களுக்கு உதவும். ஒரு ஆவணத்தை ஒருவர் கையில் கொடுத்து, 'இது பதிலாக வரும்படி ஒரு கேள்வி எழுதுங்கள்' என்பார். பிறகு அந்தக் கேள்வியைப் போட்டால் அந்த ஆவணம் வருகிறதா என்று பார்ப்பார். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் விமர்சகர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்: ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் அதன் தலைப்பில் உள்ள சொற்களே கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிடாதா? நியாயமான அடி. அடுத்த சுற்றில் கிளெவர்டன் அதைத் திருத்திக்கொண்டார். 1,400 ஆவணங்கள், 225 கேள்விகள். ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களிடமே போய், 'எந்தக் கேள்வி உங்களை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்தது?' என்று கேட்டு வாங்கினார். மாணவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் ஆவணங்களை அலசச் செய்தார். கடைசியில், வகைப்படுத்தாத வெறும் தனிச் சொற்களே நன்றாக வேலை செய்தன என்று முடிவு வந்தது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை.

இதை உங்கள் அளவுக்குச் சுருக்கிச் செய்யலாம். அக்செஷன் ரிஜிஸ்டரிலிருந்து (வாங்கிய புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு ஏற்றும் பேரேடு) கண்ணை மூடிக்கொண்டு 100 எண்களை எடுங்கள். குலுக்கல்தான் முக்கியம், நீங்களாகப் பொறுக்கினால் உங்களுக்குப் பிடித்த, நல்ல பதிவு உள்ள புத்தகங்களே வரும். அந்தப் புத்தகங்களின் பொருளடக்கத்தை ஒரு ஆசிரியர் படித்துவிட்டு, தலைப்பைச் சொல்லாமல், தன் சொந்த வார்த்தையில் ஒரு மாணவரிடம் விவரிக்கட்டும்: 'தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை விவசாயிங்க எப்படி இருந்தாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அது வேணும்.' மாணவர் தேடட்டும். அவர் தட்டிய ஒவ்வொரு சொல்லையும் அப்படியே, பிழையோடு, எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்தில் அந்தப் புத்தகம் வந்ததா, இல்லையா, எத்தனை முயற்சியில் வந்தது. ரங்கநாதனின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நூலின் பக்கம் நின்று பார்க்கும் அந்த விதியைத்தான் இந்தச் சோதனை பரீட்சிக்கிறது. பொதுவாக எல்லோரும் நான்காவதை, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதை, சுவரில் மாட்டிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம்.

இது ஒரு புத்தகத்தைத் தேடும் சோதனை. ஒரு விஷயத்தைப் பற்றி எல்லாவற்றையும் தேடுவது வேறு. அதற்கு ஒவ்வொரு தலைப்புக்கும் நூலகம் முழுவதையும் யாரும் புரட்ட முடியாது. 1992-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு டிரெக் என்ற ஆண்டுப் போட்டியைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். அவர்கள் செய்தது இதுதான்: போட்டியில் உள்ள ஒவ்வொரு தேடல் முறையும் ஒரு தலைப்புக்குக் கொடுக்கும் முதல் நூறை எடுத்து ஒரே குவியலாகப் போட்டார்கள். அந்தக் குவியலை மட்டும் மனிதர்கள் படித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். உங்களுக்கும் அதே வழி. பழைய கேட்டலாக்கில் வருவது, புதியதில் வருவது, அனுபவமுள்ள நூலக உதவியாளர் ரேக்கில் நடந்து போய் எடுத்து வருவது, மூன்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள். 40, 50 தலைப்பு இருந்தால் தாராளம். அந்த உதவியாளரை விட்டுவிடாதீர்கள். முப்பது வருடமாகப் புத்தகம் அடுக்குபவருக்குத் தெரிந்தது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அவர் கொண்டுவரும் கட்டுதான் மற்ற இரண்டின் ஓட்டையையும் காட்டும்.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள். 'இது பொருத்தம்' என்று ஒரு ஆசிரியர் சொல்வதை இன்னொருவர் 'சம்பந்தமே இல்லை' என்பார். உடனே நிர்வாகத்தில் ஒருவர், 'அப்படியென்றால் இந்த அளவீடே செல்லாது' என்று கிளம்புவார். அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. டிரெக்கை நடத்திய எலன் வூர்ஹீஸ் இதையே சோதித்தார். ஒரே குவியலை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்தார். மூவரில் யாராவது ஒருவர் பொருத்தம் என்று சொன்னவற்றில், மூவருமே ஒத்துக்கொண்டவை 30 சதவீதம் அளவுதான். ஆனால் யார் தீர்ப்பை வைத்துக் கணக்குப் போட்டாலும், எந்தத் தேடல் முறை முன்னால், எது பின்னால் என்ற வரிசை அநேகமாக மாறவில்லை. ஆக, 'எங்கள் ரீகால் 46 சதவீதம்' என்ற தனி எண்ணை யாரிடமும் அடித்துச் சொல்லாதீர்கள். 'பழையதைவிடப் புதியது இவ்வளவு கூட அல்லது குறைச்சல்' என்று சொன்னால் நிற்கும்.

இதுவரை சொன்னது இயந்திரத்தைச் சோதிப்பது. மனிதர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது இன்னொரு பாதி. எனக்குப் பிடித்த பாதியும் அதுதான். ராபர்ட் டெய்லர் 1968-ல் எழுதிய ஒரு கட்டுரை, நூலகக் கவுன்டரில் நடப்பதை நான்கு படியாகப் பிரிக்கிறது. முதலில் மனதுக்குள் ஒரு குறை, சொல்லத் தெரியாத அரிப்பு. அப்புறம் அது தனக்குள்ளே அரைகுறையாக உருவம் எடுக்கிறது. பிறகு ஒரு தெளிவான கேள்வியாகிறது. கடைசியில், 'இந்த நூலகத்தில், இந்த ஆளிடம், இப்படிக் கேட்டால்தான் கிடைக்கும்' என்று வளைத்துச் சுருக்கிய கேள்வி வாயிலிருந்து வருகிறது. நம் காதில் விழுவது நான்காவது மட்டும்.

ஒரு பையன் என்னிடம் வந்து "பொருளாதாரம் புக் எங்கே சார்?" என்றான். காட்டியிருந்தால் போயிருப்பான். எதற்கு என்று கேட்டேன். புராஜெக்ட் என்றான். என்ன புராஜெக்ட் என்றேன். அவன் அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் கடனுக்கு எவ்வளவு வட்டி போகிறது, வெளியே வட்டிக்காரரிடம் எவ்வளவு என்று ஒப்பிடப் போகிறானாம். 'பொருளாதாரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. அதையே தேடல் பெட்டியில் தட்டியிருந்தால் சில நூறு புத்தகம் வந்திருக்கும், ஒன்றும் உதவியிருக்காது. நிக்கோலஸ் பெல்கின் என்ற ஆய்வாளர் 1980 வாக்கில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தேடுபவருக்குத் தன் அறிவில் எங்கே ஓட்டை என்று தெரிகிறது, ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் பொருளின் பெயர் தெரியவில்லை. பெயர் தெரிந்திருந்தால் அவர் ஏன் தேடப் போகிறார்?

அதனால் பத்துப் பதினைந்து பேரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விசைப்பலகையைத் தொடுமுன் 'என்ன வேண்டும்' என்று ஒரு தாளில் தங்கள் பேச்சிலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் தட்டுவதைப் பாருங்கள். தாளில் இருப்பதற்கும் பெட்டியில் இருப்பதற்கும் உள்ள தூரம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். வாய் திறக்காதீர்கள். நூலகர்களால் முடியாத காரியம் அது, தெரியும். நமக்கு உதவி செய்து பழகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல் தேடலோடு நிறுத்தாமல் கடைசிவரை பாருங்கள். மார்சியா பேட்ஸ் 1989-ல் இதைப் புதரில் பழம் பறிப்பதற்கு ஒப்பிட்டார். ஒரே இடத்தில் குவியலாகக் கிடைக்காது, இங்கே ஒன்று அங்கே ஒன்று பறித்துக்கொண்டு போகிறோம், போகப் போக என்ன வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. இலந்தை பொறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் மொழிக்கென்று தனியாகச் சில பள்ளங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக் கேள்வித்தாள் எதிலும் இவை வராது. உ.வே.சா.வை எடுங்கள். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர். முன்னெழுத்துக்குப் புள்ளி உண்டு, இல்லை, இடைவெளி உண்டு, இல்லை. உங்கள் கேட்டலாக்கில் இவர் எத்தனை பேராக இருக்கிறார் என்று இன்றைக்கே பாருங்கள். அடுத்து, 'வீடு' என்று தேடினால் 'வீட்டு' வருகிறதா? 'மரம்' என்றால் 'மரத்தின்'? சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக்குறி போடும் வித்தை இங்கே பலிக்காது, ஏனென்றால் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் உடம்பே மாறுகிறது.

இதைவிட விஷமமானது ஒன்று. 'ஔவையார்' என்று தேடி எதுவும் வராத ஒரு கேட்டலாக்கில் அரை நாள் செலவழித்திருக்கிறேன். பதிவைத் திறந்தால் கண் முன்னால் 'ஒளவையார்' என்று இருக்கிறது. கண்ணுக்கு அதே சொல். ஆனால் பதிவு செய்தவர் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ-வும் பக்கத்தில் ள-வும் தட்டியிருக்கிறார். மனிதனுக்கு அது ஔவை, இயந்திரத்துக்கு ஒ-ள-வை. 'கொ' போன்ற எழுத்துகளிலும் இதே சங்கடம் உண்டு: கொம்பு ஒரு குறியாக, கால் இன்னொரு குறியாகப் பதிவாகலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதிவாகலாம். இதை யூனிகோடு இயல்பாக்கம் சரிசெய்துவிடும். ஒ-ள விவகாரத்தை அது தொடாது; அதற்குத் தனியாக ஒரு விதி எழுதச் சொல்ல வேண்டும். மென்பொருள் கொடுத்தவரிடம் உ.வே.சா., வீடு, ஔவையார் இந்த மூன்றையும் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

யார் எதைத் தேடினார்கள், எதைச் சொடுக்கினார்கள் என்று மென்பொருள் தானாகக் குறித்து வைக்கும் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'பூஜ்யம் முடிவு' வந்த தேடல்களின் பட்டியல் தங்கம், அவசியம் வாங்குங்கள். ஆனால் 'முதல் முடிவைத்தான் அதிகம் பேர் சொடுக்கினார்கள், ஆகவே முதல் முடிவு நன்றாக இருக்கிறது' என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். 2005-ல் தோர்ஸ்டன் யோக்கிம்ஸ் குழுவினர் கூகுள் முடிவுகளின் வரிசையை ரகசியமாக மாற்றிக் கொடுத்து, மாணவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். முதலையும் இரண்டையும் இடம் மாற்றினாலும் மேலே இருப்பதைத்தான் அதிகம் சொடுக்கினார்கள். மேலே இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இன்னொன்று, இதைச் சொன்னால் விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பிடிக்காது. இயந்திரத்தின் மதிப்பெண் கூடினால் மனிதரின் வேலையும் நன்றாக நடக்கும் என்று கட்டாயமில்லை. ஆண்ட்ரூ டர்பினும் வில்லியம் ஹெர்ஷும் 2001-ல் சோதித்தபோது, மதிப்பெண்ணில் தெளிவாக முந்திய தேடல் முறையைக் கொடுத்தும், மக்கள் கேள்விகளுக்குச் சரியான விடை கண்டுபிடித்த அளவு பெரிதாக மாறவில்லை. சுமாரான பட்டியலிலிருந்தும் மனிதர்கள் எப்படியோ சமாளித்து எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் 100 புத்தகச் சோதனை, 40 தலைப்புக் குவியல், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மூன்றையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். நேரம் இல்லை என்றால் குவியலை விடுங்கள், உட்கார்ந்து பார்ப்பதை விடாதீர்கள்.

அறிக்கைக்கு வருவோம். நிர்வாகத்தில் யாரும் பின்னிணைப்பு அட்டவணை படிக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் உங்கள் ரேக்கில் உள்ள ஒரு நல்ல புத்தகத்தின் அட்டைப் படத்தைப் போடுங்கள். அதன் கீழே, அந்தப் புத்தகத்தைத் தேடி மாணவர்கள் தட்டிய எட்டு சொற்றொடர்களை, எழுத்துப்பிழை உட்பட அப்படியே அச்சிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வந்தது', 'வரவில்லை'. கூட்டத்துக்குப் போகும்போது புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போய் மேஜை மேல் வையுங்கள்.